வரிசையில் பரவும் நோய்

ஏப்ரல் பிறந்துவிட்டால் மாலை வானிலைச் செய்தியில் தவறாமல் காதில் விழும் ஊர்ப்பெயர் திருத்தணி. வேலூர், கரூர் பரமத்தி, மதுரை விமான நிலையம் என்று நீளும் அந்தப் பட்டியலில், 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிய ஊர்களின் நடுவே திருத்தணி இல்லாத கோடை அபூர்வம். சுற்றிலும் பாறைக் குன்றுகள். கடற்காற்று இங்கே எட்டிப் பார்ப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். மருத்துவமனையைப் பற்றிய கட்டுரையை வெயிலில் தொடங்கக் காரணம் இருக்கிறது. வெளிநோயாளிகள் உட்கார்ந்திருக்கும் கூடத்தில் சன்னல் திறந்திருக்குமா, மூடியிருக்குமா என்பதைப் பெரும்பாலும் வெயில்தான் தீர்மானிக்கிறது. அங்கே இருமிக்கொண்டிருப்பவரின் காசநோய், பக்கத்தில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருப்பவருக்குப் போய்ச் சேருமா என்பதை அந்தச் சன்னல் பாதி தீர்மானிக்கிறது. மீதிப் பாதியைத் தீர்மானிப்பது, அந்தத் தாய் அங்கே எவ்வளவு நேரம் உட்கார வைக்கப்படுகிறாள் என்பது.

திருத்தணிக்கு வெயிலைத் தவிர வேறு சுமைகளும் உண்டு. ஆறுபடை வீடுகளில் ஒன்று. மலைக்கு 365 படிகள். சென்னையிலிருந்து திருப்பதி போகும் சாலையும், அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டா போகும் ரயில் பாதையும் இந்த ஊரைத் தொட்டுத்தான் போகின்றன. ம.பொ.சி. முன்னின்று நடத்திய எல்லைப் போராட்டத்தின் பலனாக, 1960 ஏப்ரல் 1 அன்று சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து தமிழகத்தோடு சேர்ந்த பகுதி இது. எல்லைக்கோடு நகர்ந்ததே தவிர, ஜனங்களின் போக்குவரத்து நகரவில்லை. நகரி, புத்தூர் பக்கத்துக்காரர்கள் கோயிலுக்கும் கடைக்கும் வைத்தியத்துக்கும் இந்தப் பக்கம் வருகிறார்கள். பள்ளிப்பட்டு, ஆர்.கே. பேட்டை கிராமங்களில் வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிறவர்கள் ஏராளம். 2022 ஜனவரியில் திருவள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அங்கிருந்த தலைமை மருத்துவமனை கல்லூரி மருத்துவமனையாக மாற, மாவட்டத் தலைமை மருத்துவமனை என்ற பொறுப்பு திருத்தணிக்கு வந்து சேர்ந்தது. சாலை விபத்து, கோயில் கூட்டம், எல்லைக் கிராமங்கள், கோடை என்று எல்லாவற்றையும் ஒரே வாசலில் வாங்கிக்கொள்ள வேண்டிய ஊர் இது. இப்படிப்பட்ட ஊரில் ஒரு மருத்துவமனை எப்படி அமைய வேண்டும், எப்படி நடக்க வேண்டும் என்று யோசித்தால், தமிழ்நாட்டின் எந்தத் தாலுகா மருத்துவமனைக்கும் அந்த யோசனை பொருந்தும்.

பொதட்டூர்பேட்டையில் தறி ஓட்டும் ஒருவரை வைத்துக்கொள்வோம். மூன்று வாரமாக இருமல். நூல் தூசியால் வந்தது என்று நினைத்து, மருந்துக் கடையில் சிரப் வாங்கிக் குடித்துப் பார்த்தாயிற்று. ஒரு திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுகிறார். முதல் வரிசை ஓ.பி. சீட்டுக்கு. இரண்டாவது, டாக்டர் அறை வாசலில். டாக்டர் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டு, எக்ஸ்ரேவும் சளிப் பரிசோதனையும் எழுதுகிறார். மூன்றாவது வரிசை எக்ஸ்ரேவுக்கு, நான்காவது ஆய்வகத்துக்கு. படத்தை வாங்கிக்கொண்டு மறுபடி டாக்டரிடம் காட்ட ஐந்தாவது. மாத்திரை வாங்க ஆறாவது. ஆறு வரிசையிலும் இருமிக்கொண்டே நிற்கிறார். டாக்டர் அவரோடு செலவழித்த நேரம் எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிடம் இருக்கலாம். மற்றவர்களோடு சேர்ந்து அவர் மூச்சு விட்ட நேரம் நான்கு மணி. மருத்துவமனையின் தொற்றுத் தடுப்பு ஏற்பாடுகளெல்லாம் அறுவை அரங்கிலும் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் கவனமாக நடந்துகொண்டிருக்க, இவர் நிற்கும் இடம் யார் கணக்கிலும் வராமல் போகிறது. அவருக்கு இன்னும் நோயின் பெயரே வைக்கப்படவில்லையே!

பெயர் வைக்கப்படாத நோயாளிதான் ஆபத்தானவர் என்பதை உலகத்துக்குக் காட்டிய ஆராய்ச்சிகளில் முக்கியமான ஒன்று சென்னையில் நடந்தது. 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் வேதிசிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை அரசும் உலக சுகாதார நிறுவனமும் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சேர்ந்து ஏற்படுத்திய மையம் அது. பொறுப்பில் இருந்தவர் வாலஸ் ஃபாக்ஸ். இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் தொடர்ச்சிதான். அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியம். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, மாதக்கணக்கில் படுக்கை ஓய்வு. நோயாளி வீட்டிலிருந்தால் குடும்பமே தொற்றிக்கொள்ளும் என்ற பயம். சென்னையின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த நோயாளிகளை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவைச் சானடோரியத்திலும் மறு குழுவை வீட்டிலும் வைத்து, ஒரே மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கு நெருக்கடியான அறை, குறைந்த சாப்பாடு, ஓய்வும் கிடையாது. ஆனாலும் ஓராண்டு முடிவில் குணமானவர்களின் அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. குடும்பத்தாரைத் தொடர்ந்து கவனித்ததில், வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் உறவினருக்குக் கூடுதலாக நோய் வரவில்லை என்பதும் தெரிந்தது. பரவ வேண்டியது, மருந்து தொடங்குவதற்கு முன்பே பரவிவிட்டிருந்தது.

கிட்டத்தட்ட அதே ஆண்டுகளில் அமெரிக்காவின் பால்டிமோரில் ரிச்சர்ட் ரைலி என்ற மருத்துவர் வேறொரு வழியில் இதே இடத்துக்கு வந்தார். காசநோய் வார்டிலிருந்து வெளியேறும் காற்றைக் குழாய் வழியாக மேல்மாடிக் கூண்டுகளுக்குக் கொண்டுபோய், கினிப் பன்றிகளைச் சுவாசிக்க வைத்தார். நோயாளியைப் பார்க்காத, தொடாத விலங்குகளுக்குக் காற்றின் வழியாக மட்டுமே நோய் வந்தது. தொற்றில் பெரும்பகுதி ஒரு சில நோயாளிகளிடமிருந்தே வந்தது. தகுந்த மருந்தைத் தொடங்கியவர்களிடமிருந்து பரவுவது மிகவும் குறைந்துபோனது.

இருமும்போது வெளிவரும் நீர்த்திவலைகளில் பெரியவை தரையில் விழுந்துவிடும். நுண்ணியவை ஈரம் உலர்ந்து, கிருமியைச் சுமந்தபடி, ஊதுபத்திப் புகையைப் போல அறை முழுக்கப் பரவி நெடுநேரம் மிதக்கும். ஆகவே கூடத்தில் ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் மட்டும் காசநோயிடமிருந்து தப்பிவிட முடியாது. தப்புவதற்கு வழி இரண்டே: அந்தக் காற்றை வெளியேற்ற வேண்டும், அதைச் சுவாசிக்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும்.

இரண்டாவது வழியில் மறைந்திருக்கும் ஒரு கணக்கு என்னை மிகவும் கவர்ந்தது. அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்த ஒரு விதி வரிசைகளின் அறிவியலுக்கு அடித்தளம். ஓர் இடத்தில் சராசரியாக எத்தனை பேர் இருப்பார்கள் என்பது, மணிக்கு எத்தனை பேர் வருகிறார்கள், ஒவ்வொருவரும் எவ்வளவு நேரம் தங்குகிறார்கள் என்ற இரண்டின் பெருக்கல். மணிக்கு 100 பேர் வந்து, ஒவ்வொருவரும் இரண்டு மணி நேரம் காத்திருந்தால் கூடத்தில் எப்போதும் 200 பேர். காத்திருப்பை ஒரு மணியாக்கினால் 100 பேர். புதுக் கட்டடம் எழுப்பாமல், ஒரு செங்கல்லும் வைக்காமல், கூடம் இரண்டு மடங்கு பெரிதாகிவிடுகிறது.

இதைக் காற்றுவழித் தொற்றோடு சேர்த்துப் பாருங்கள். காத்திருப்பு பாதியானால், எந்த நேரத்திலும் கூடத்தில் இருமிக்கொண்டிருக்கும் கண்டறியப்படாத நோயாளிகளின் எண்ணிக்கை பாதியாகிறது. காற்றில் கிருமியின் அடர்த்தியும் பாதி. அந்தக் காற்றை மற்றவர் சுவாசிக்கும் நேரமும் பாதி. பாதியில் பாதி, கால். காற்று கூடம் முழுக்கக் கலந்துவிடுகிறது, காற்றோட்டம் மாறவில்லை என்று வைத்துக்கொண்டால், காத்திருப்பைப் பாதியாக்குவது, காற்றோட்டத்தை நான்கு மடங்கு பெருக்குவதற்குச் சமம். நோயாளிகளைச் சீக்கிரம் பார்த்து அனுப்புவதை நிர்வாக வேலை என்றும், தொற்றுத் தடுப்பை மருத்துவ வேலை என்றும் தனித்தனிக் கோப்புகளில் வைத்திருக்கிறோம். கணக்குப்படி இரண்டும் ஒரே வேலை.

சரி, காத்திருப்பை எப்படிக் குறைப்பது? டாக்டர்களை வேகமாகப் பார்க்கச் சொல்வது எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. மிக மோசமான வழியும் அதுதான். வரிசைக் கணிதம் சொல்லும் செய்தி வேறு. ஒரு டாக்டர் ஒரு நோயாளிக்குச் சராசரியாக மூன்று நிமிடம் எடுக்கிறார், நோயாளிகள் முன்பின்னாக வருகிறார்கள் என்று எளிய மாதிரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அவருடைய நேரத்தில் 80 விழுக்காடு வேலையில் இருந்தால், நோயாளி சராசரியாக 12 நிமிடம் காத்திருக்க வேண்டும். 90 விழுக்காடு ஆனால் 27 நிமிடம். 95 விழுக்காடு ஆனால் 57 நிமிடம். வேலை கொஞ்சம் கூடினால் காத்திருப்பு கொஞ்சம் கூடும் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். விளிம்பை நெருங்க நெருங்க அது செங்குத்தாக ஏறுகிறது. நெரிசல் நேரத்தில் கூடுதலாக ஒரே ஒரு டாக்டர், ஒரே ஒரு சீட்டு கவுன்ட்டர் கிடைத்தால் கூட்டம் சட்டென்று கரைவதன் காரணம் இதுதான். நம் ஊரில் எல்லோரும் காலை முதல் இரண்டு மணி நேரத்துக்குள் வந்து குவிகிறோம். டவுன் பஸ் நேரம் அப்படி. முன்னால் வந்தால் முன்னால் சீட்டு என்ற ஏற்பாடும் அப்படி. மறுபரிசோதனைக்கு வருகிறவர்களுக்கு மட்டுமாவது பத்து மணிக்கு மேல் என்று நேரம் குறித்துக் கொடுத்தாலே அந்த விளிம்பிலிருந்து இறங்கிவிடலாம்.

இன்னும் நல்ல வழி, வரவேண்டாதவர்களை வர வைக்காமல் இருப்பது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை நான் இந்தக் கோணத்திலும் பார்க்கிறேன். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருவது முதியவர்களுக்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்பதைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். கூடவே இன்னொன்றும் நடக்கிறது. நீரிழிவு உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு. மாதாமாதம் மாத்திரைக்காக அந்தக் கூடத்தில் வந்து உட்கார்ந்திருந்தவர்கள், அங்கே இருக்கவே கூடாதவர்கள். அவர்களை வரிசையிலிருந்து வீட்டுக்கு அனுப்பியது பெரிய தொற்றுத் தடுப்பு நடவடிக்கை. அந்தப் பெயரில் யாரும் அதைப் பாராட்டவில்லை என்பதுதான் எனக்குக் குறை.

இருமல் உள்ளவரைச் சீட்டுக் கவுன்ட்டரிலேயே அடையாளம் காண்பது அடுத்த படி. "இருமல் எத்தனை நாளா இருக்கு?" என்ற ஒரே கேள்வி. இரண்டு வாரத்துக்கு மேல் என்றால் ஒரு முகக்கவசம், திறந்த வராந்தாவில் தனி இருக்கை, வரிசையைத் தாண்டி நேரே டாக்டரிடம். இது சலுகை அல்ல. பின்னால் நிற்கிற 150 பேருக்குச் செய்யும் உதவி. தென்னாப்பிரிக்காவின் டுகேலா ஃபெர்ரி என்ற சிற்றூர் மருத்துவமனை, இதைச் செய்யாமல் போனால் என்ன ஆகும் என்பதைக் காட்டியது. பெரும்பாலான மருந்துகளுக்குக் கட்டுப்படாத காசநோய் அங்கே 53 பேருக்கு இருந்ததையும், அவர்களில் 52 பேர் இறந்ததையும் 2006இல் மருத்துவ உலகம் அறிந்தது. அவர்களில் பலர் அதற்கு முன்னரே வேறு காரணத்துக்காக மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர்கள். நோயைத் தேடிக் கண்டுபிடி, தனியே வை, உடனே மருந்து தொடங்கு என்ற மூன்று கட்டளைகள் அத்தகைய அனுபவங்களிலிருந்துதான் உருவாயின. முன்பு சளிப் பரிசோதனைக்கு அன்று ஒரு மாதிரி, மறுநாள் காலை ஒரு மாதிரி என்று இரண்டு நாள் அலைய வேண்டும். இப்போது கோவாவில் தயாராகும் ட்ரூநாட் கருவி, கிருமியின் மரபணுவை ஓரிரு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுகிறது. ஆனால் கருவி ஒரு மணியில் சொன்ன முடிவு, கோப்பில் ஏறி நோயாளியிடம் போக மூன்று நாள் ஆனால் என்ன பயன்? கருவியை வாங்குவதோடு அந்தத் தாள் நடக்கும் பாதையையும் சுருக்க வேண்டும்.

இனிக் காற்று. பெரு நாட்டின் லிமா நகரில் எட்டு மருத்துவமனைகளின் 70 அறைகளை எஸ்கோம்ப் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும் அளந்து 2007இல் வெளியிட்ட ஆய்வை, மருத்துவமனை கட்டும் ஒவ்வொரு பொறியாளரும் படிக்க வேண்டும். சன்னலையும் கதவையும் முழுக்கத் திறந்து வைத்தபோது அறைக்காற்று மணிக்குச் சராசரியாக 28 முறை மாறியது. தொற்றுநோயாளியைத் தனிமைப்படுத்தும் அறையில் இயந்திரக் காற்றோட்டத்துக்கு எதிர்பார்க்கப்படும் அளவு 12தான். இன்னும் வியப்பு, உயரமான கூரையும் பெரிய சன்னல்களும் கொண்ட ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட பழைய கட்டடங்களில் அது 40. நவீன கட்டடங்களில் 17. எண்ணிக்கையின் பொருள் இதுதான்: மணிக்கு 12 முறை காற்று மாறும் அறையில், மிதக்கும் துகள்களில் 99 விழுக்காடு வெளியேற 23 நிமிடம் போதும். இரண்டே முறை மாறும் அறையில் அதற்கு 138 நிமிடம் ஆகும்.

நம் முன்னோடிகளுக்கு இது தெரியாததல்ல. 1928இல் மருத்துவர் சவுரி முத்து, தாம்பரத்துக்குப் பக்கத்தில் மரங்கள் அடர்ந்த பரந்த நிலத்தில் காசநோய்ச் சானடோரியத்தைத் தொடங்கியபோது காற்றைத்தான் முதல் மருந்தாக நினைத்தார். மின்சார ரயிலில் போகிறவர்கள் இன்றும் அந்த நிலையத்தைச் சானடோரியம் என்றுதான் சொல்கிறார்கள். காசநோயைக் குணப்படுத்த நல்ல காற்று கட்டாயமில்லை என்பதைச் சேத்துப்பட்டு ஆய்வு காட்டிவிட்டது. ஆனால் பரவாமல் தடுக்கும் என்பது இன்றும் உண்மை. மருந்து வந்ததும் சன்னலை மறந்துவிட்டோம். பழைய மருத்துவமனைக் கட்டடங்களில் வராந்தா எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று பார்த்தாலே புரியும். ஒரு பக்கம் அலுமினியத் தடுப்பு வைத்து ரெக்கார்டு அறை. மறுபக்கம் கண்ணாடி போட்டு அலுவலகம். எதிரெதிர்ச் சுவர்களில் திறப்பு இருந்தால்தான் காற்று குறுக்கே ஓடும். ஒரு பக்கத்தை அடைத்துவிட்டால் மறுபக்கச் சன்னல் எவ்வளவு பெரிதாக இருந்தும் பெரிய பயனில்லை.

திருத்தணி வெயில் இங்கேதான் குறுக்கே வருகிறது. 42 டிகிரியில் சன்னலைத் திறந்து வையுங்கள் என்று யாரிடம் சொல்வது? நல்ல மனத்தோடு யாராவது ஏ.சி. வாங்கித் தருகிறார்கள். சுவரில் மாட்டும் ஸ்பிளிட் ஏ.சி. அறைக்குள் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்ப இழுத்துக் குளிரவைக்கிறது; வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. குளிர் வீணாகாமல் இருக்கக் கதவு, சன்னல், இடுக்கு எல்லாம் அடைக்கப்படுகின்றன. ஒரு சிறிய கார்பன் டை ஆக்சைடு மீட்டரை அங்கே வைத்தால் நடப்பது தெரிந்துவிடும். வெளிக்காற்றில் அந்த வாயு பத்து லட்சத்தில் சுமார் 420 பங்கு. நாம் விடும் மூச்சில் சுமார் 40,000 பங்கு. கூடத்தில் மீட்டர் 1,400 காட்டினால், நாம் இழுக்கும் நாற்பது மூச்சில் ஒன்று, ஏற்கெனவே இன்னொருவர் நுரையீரலுக்குள் போய் வந்த காற்று. நெருக்கடியான மூடிய கூடங்களில் 2,000ஐத் தாண்டுவது சாதாரணம்.

ஏ.சி.யே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கும் அறுவை அரங்குக்கும் வடிகட்டிய, வெளிக்காற்று கலந்த குளிர்சாதனம் கட்டாயம் வேண்டும். காத்திருப்புக் கூடத்துக்கு வேறு விடை இருக்கிறது, அது இந்த மண்ணுக்குப் புதியதும் அல்ல. ஆழமான தாழ்வாரம், உயரமான கூரை, கூரையை ஒட்டிச் சூடான காற்று வெளியேறும் திறப்பு, வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சு, பெரிய மின்விசிறி, வேம்பின் நிழலில் சுவரில்லாத கொட்டகை. இருமல் உள்ளவர்கள் காத்திருக்க அந்தக் கொட்டகையைவிடப் பாதுகாப்பான அறையைக் கோடி ரூபாய் கொடுத்தும் கட்ட முடியாது. நேரடியாகக் காற்று வர வழியில்லாத அறைகளில், ஆள் உயரத்துக்கு மேலே பொருத்தும் புறஊதா விளக்குகள் உதவும்.

திறந்த சன்னலுக்கு இன்னொரு எதிரி கொசு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. காய்ச்சல் வார்டில் படுத்திருப்பவரின் இரத்தத்தில் முதல் ஐந்தாறு நாள் வைரஸ் இருக்கும். அவரைக் கடித்த கொசு சில நாள் கழித்துப் பக்கத்துப் படுக்கைக்காரரைக் கடித்தால் போதும். ஆகவே சன்னலுக்கு வலை அவசியம். ஆனால் வலை காற்றின் ஒரு பகுதியைத் தடுக்கும். தூசி படிந்த வலை இன்னும் அதிகமாகத் தடுக்கும். வலை அடிக்கும்போதே சன்னலைப் பெரிதாக வைக்க வேண்டும், மாதம் ஒருமுறை வலையைக் கழுவ ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும். மருத்துவமனை வடிவமைப்பு என்பது இப்படிச் சின்னச் சின்ன முடிவுகளின் தொகுப்புதான். வரைபடத்தில் அவை தெரிவதில்லை.

வேகமும் சுத்தமும் ஒன்றுக்கொன்று பகை என்று நினைப்பவர்களுக்கு மதுரையில் பதில் இருக்கிறது. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், அறுவை அரங்கில் ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள். ஒன்றில் கண்புரை அறுவை நடக்கும்போதே, மற்றதில் அடுத்த நோயாளியைச் செவிலியர்கள் தயார்செய்துவிடுகிறார்கள். ஒன்று முடிந்ததும் மருத்துவர் நுண்ணோக்கியோடு மறுபக்கம் திரும்பினால் போதும். ஒவ்வொரு வேலைக்கும் அதற்கென்றே பயிற்சி பெற்ற பெண்கள். ஒரே வேலையைத் தினமும் ஒரே முறையில் செய்வதால் படி தவறுவதில்லை. இத்தனை வேகத்திலும் அங்கே அறுவைக்குப் பிறகு கண்ணுக்குள் கடுமையான தொற்று ஏற்பட்டது பத்தாயிரத்தில் 7 பேருக்குத்தான். கண்ணுக்குள்ளேயே ஆன்டிபயாடிக் செலுத்தத் தொடங்கிய பிறகு அது 2 ஆகக் குறைந்தது. இருபது லட்சம் அறுவைகளை அலசி 2019இல் அவர்கள் வெளியிட்ட கணக்கு இது. கண்புரை முன்கூட்டியே நாள் குறித்துச் செய்வது. தாலுகா மருத்துவமனைக்கு வரும் பிரசவமும் விபத்தும் பாம்புக்கடியும் நாள் பார்த்து வருவதில்லை. அந்த வித்தியாசத்தை மறக்கக் கூடாது. ஆனாலும் ஒழுங்கான ஓட்டமே சுத்தத்தைக் காப்பாற்றுகிறது என்ற பாடம் இரண்டுக்கும் பொதுவானது.

நாள் பார்க்காமல் வருவோருக்கும் ஓர் ஒழுங்கு சாத்தியம்தான். தமிழ்நாட்டு விபத்து, அவசர சிகிச்சை முன்முயற்சியின்கீழ் அரசு மருத்துவமனைகளில் நோயாளி வந்ததும் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கிறார்கள். நெடுஞ்சாலையில் அடிபட்டு வருகிறவர் நேரே சிவப்புக்குப் போவார். விரலில் முள் தைத்தவர் பச்சையில் காத்திருப்பார். இருமுகிறவர்களுக்கும் இப்படி ஒரு பிரிப்பு உண்டு: 2022 ஏப்ரலில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் உறுதியானதும் உடல் எடை, மூச்சுத் திணறல், துணையின்றி எழுந்து நிற்க முடிகிறதா என்பதைப் பார்த்து, கடுமையாக நலிந்தவர்களை உடனே வார்டில் சேர்க்கிறார்கள். மற்றவர்கள் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிடலாம். சேத்துப்பட்டு ஆய்வு இல்லாவிட்டால் இந்தத் துணிச்சல் நமக்கு வந்திருக்காது.

வார்டுக்குள்ளும் இதே கணக்கு தொடர்கிறது. படுக்கைகளில் 85 விழுக்காட்டுக்கு மேல் நிரம்பத் தொடங்கினால், அவசரமாக வருபவருக்கு இடமில்லாமல் போகும் நாட்கள் வரும் என்று 1999இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஒரு கணினி மாதிரி காட்டியது. நம் வார்டுகளில் நூற்றுக்கும் மேல். தரையில் பாய் விரித்துப் படுக்கிறார்கள்; நர்சுகளுக்கு ஒரு நோயாளியிடமிருந்து அடுத்தவரிடம் போகும் இடைவெளியில் கை கழுவ நேரம் இல்லை, வாஷ்பேசினோ வார்டின் கோடியில். ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனையில் ஆல்கஹால் கைத்தேய்ப்பைப் படுக்கைப் பக்கத்திலேயே வைத்து இயக்கமாக நடத்தியபோது, கைச்சுத்தம் 48 விழுக்காட்டிலிருந்து 66 ஆக உயர்ந்தது; மருத்துவமனையில் தொற்றும் நோய்கள் 16.9 விழுக்காட்டிலிருந்து 9.9 ஆகக் குறைந்தன. கை கழுவுங்கள் என்று சுவரில் எழுதுவதைவிட, கைக்கு எட்டும் இடத்தில் புட்டியை வைப்பது பலன் தரும். டிஸ்சார்ஜ் சீட்டு காலையிலேயே தயாரானால் மாலை வரை அந்தப் படுக்கை வீணாகாது. சாப்பாட்டு வண்டியும் மருத்துவக் கழிவு வண்டியும் ஒரே லிப்டில், ஒரே நேரத்தில் போகக் கூடாது. மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று கழிவுக்கு நிறம் பிரிப்பதோடு, பாதையும் பிரிய வேண்டும்.

எல்லையோர ஊருக்கு இன்னொன்றும் சேர்க்க வேண்டும். தமிழ் படிக்கத் தெரியாத ஒருவர் எக்ஸ்ரே அறையைத் தேடி மூன்று வராந்தா சுற்றினால், அதுவும் கூட்டம்தான். தமிழிலும் தெலுங்கிலும் பலகை, தரையில் வண்ணக் கோடு: பச்சைக் கோட்டைப் பிடித்துப் போனால் ஆய்வகம், நீலத்தைப் பிடித்துப் போனால் மருந்தகம். பெயின்ட் செலவுதான்.

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணியில் காவடிகள் மலையேறும் நாட்களில் இவை எல்லாவற்றுக்கும் ஒரே சமயத்தில் சோதனை வருகிறது. வெயிலில் மயங்கியவர், படியில் தடுக்கி விழுந்தவர், கெட்ட தண்ணீர் குடித்து வயிற்றுப்போக்கு கண்டவர், கூட்ட நெரிசலில் மூச்சு முட்டியவர். படிவழியிலேயே நிழலும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் முதலுதவியும் கிடைத்தால் அவர்களில் பெரும்பாலோர் மருத்துவமனை வாசலுக்கே வரத் தேவையில்லை. வயிற்றுப்போக்குக்காரருக்கு ஒதுக்கும் வார்டுக்குத் தனிக் கழிப்பறை இருக்கிறதா என்பதை ஆனி மாதமே பார்த்துவிட வேண்டும்.

மாவட்டம் மாவட்டமாகப் புதிய மருத்துவமனைக் கட்டடங்கள் எழும் காலம் இது. திறப்பு விழாவில் படுக்கை எண்ணிக்கையைச் சொல்கிறார்கள், சி.டி. ஸ்கேன் வந்ததைச் சொல்கிறார்கள். நான் கேட்பது இரண்டே எண்கள். சீட்டு வாங்கியதிலிருந்து மருந்தோடு வெளியே வரும்வரை ஒரு நோயாளிக்குச் சராசரியாக எவ்வளவு நேரம்? காத்திருப்புக் கூடத்தில் காலை பத்து மணிக்குக் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு? இந்த இரண்டையும் தினமும் அளந்து, நுழைவாயிலில் ஒரு பலகையில் எழுதி வைக்கச் சுகாதாரத் துறை உத்தரவிட வேண்டும். அளக்க ஒரு கடிகாரமும் சில ஆயிரம் ரூபாய் மீட்டரும் போதும்.

அதுவரை வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களுக்கோ உங்கள் வீட்டில் யாருக்கோ இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், சீட்டு வாங்கும் இடத்திலேயே சொல்லிவிடுங்கள். முகக்கவசம் கேட்டு வாங்குங்கள். உள்ளே இடமிருந்தாலும் வெளி வராந்தாவில் உட்காருங்கள். மாத்திரை மட்டும் வாங்க வேண்டியிருந்தால் குழந்தையையும் வயதானவரையும் வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். கூடத்தில் சன்னல் சாத்தியிருந்தால், எழுந்துபோய்த் திறந்து விடுங்கள்.